கடற் சரணாலயங்களும் மீனவருக்கு இழப்பீடும்

பெரிய நிகோபார்த் தீவின் தலைமையிடமான கேம்பல் பேயில் 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. தீவின் தென்கோடியிலுள்ள கலத்தியா விரிகுடாவில் முட்டையிட வரும் தோணியாமைகளுக்காக 1997இல் அமைந்த சரணாலயம், துறைமுகத் திட்டத்தை முன்னிட்டு 2021 சனவரியில் நீக்கப்பட்டது. மறு ஆண்டே அருகிலுள்ள சிறிய நிகோபார், மெரோ, மென்சால் ஆகிய தீவுகளில் ஆமைக்கும் பவளத்திற்கும் மெகபோடு பறவைக்குமாக மூன்று சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. தம்மைக் கலந்துகொள்ளவில்லை என்று நிகோபாரிப் பழங்குடிப் பேரவை முறையிட்டது.

இத்தகைய அறிவிப்பினால் பிழைப்பிழப்போருக்குச் சட்டம் தருவதென்ன? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, எல்லைக்குள் உரிமை கோருவோர் இரண்டு மாதத்திற்குள் மாவட்ட ஆட்சியரிடம் மனுச் செய்து இழப்பீடு கேட்கலாம். ஆனால் சட்டம் பேசுவது நிலத்தின் மீதுள்ள உரிமையைப் பற்றி. கடலுக்குப் பட்டா ஏது? மூன்று தலைமுறையாக வலைவீசிய நீர்ப்பரப்பும் எவர் பெயரிலும் இல்லை. இக்குறையை ஓரளவு நிரப்பவே 1991ஆம் ஆண்டுத் திருத்தம், கடற்பகுதியைச் சரணாலயத்தில் சேர்க்குமுன் உள்ளூர் மீனவரின் தொழில் நலனைக் காக்கத் தக்க ஏற்பாடு செய்யவேண்டுமென விதித்தது. எது தக்க ஏற்பாடு என்பதை அது வரையறுக்கவில்லை. தொல்லையெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

மன்னார் வளைகுடாவில் 1986இல் 21 தீவுகளைக் கொண்டு கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தபோது, அத்தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுத்துவந்த இராமநாதபுரம் மாவட்டப் பெண்கள் தடுக்கப்பட்டனர். படகுக்குப் பதிவெண் உண்டு. வெறுங்கையால் பாசி பறிப்பவருக்கு எந்தப் பதிவேடு? மாற்றுத் தொழிலுக்குக் கடனுதவி பின்னர் வந்தது. அது பயனுள்ளதே, எனினும் கடனை இழப்பீடு என்பது பொருந்தாது.

ஆஸ்திரேலியா 2004இல் தன் பெரும் பவளத்திட்டில் மீன்பிடி தடைசெய்யப்பட்ட பரப்பை ஏறத்தாழ 5 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்தியது. மீனவர் உரிமங்களை அரசே விலைக்கு வாங்கியது. கரையிலுள்ள மீன் பதனிடுவோருக்கும் உதவிற்று. செலவு முதல் மதிப்பீட்டைப்போல் பல மடங்காகி, 20 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. எவர், எங்கே, எவ்வளவு பிடித்தார் என்ற குறிப்பேடு அங்கே இருந்ததால்தான் கணக்குப் போடவேனும் முடிந்தது.

நிகோபார்த் தீவுகளில் மீனில் ஒரு பகுதி சந்தைக்கே வருவதில்லை, வீட்டில் உண்ணப்படுகிறது. விற்பனைச் சீட்டைக் கொண்டு நட்டத்தை அளந்தால் இக்குடும்பங்களின் இழப்பு சுழியம் என்றே வரும். ஆகவே அறிவிப்பு வெளியாகுமுன்பே, படகுடையோர் மட்டுமன்றிக் கூலிக்குச் செல்வோரையும் கரையில் மீன் விற்கும் பெண்களையும் ஊர்க்கூட்டத்தில் வைத்துக் கணக்கெடுப்பது இன்றியமையாதது. பிறகு எடுக்கும் கணக்கில் புதுப்பெயர்கள் நுழைந்துவிடும் என்பது எல்லா நிவாரணப் பணியிலும் கண்ட அனுபவம்.

மெரோ, மென்சால் தீவுகளைப் பொறுத்தவரை பணம் முதன்மையன்று. சிறிய நிகோபார் மக்கள் அவற்றைத் தம் மரபுச் சொத்தாகக் கருதித் தம் வழக்கப்படியே பேணி வருகின்றனர். உரிமையை விலைக்கு வாங்காமல் தொடர்ந்து துய்க்கவிடும் அதிகாரமும், தலைமை வனவிலங்குக் காப்பாளரைக் கலந்து, அதே சட்டத்தின் 24ஆம் பிரிவில் ஆட்சியருக்கு அளிக்கப்பட்டுள்ளது.