சான்று கூறும் இணைப்புகள்

தேடுபொறியில் ஒரு சொல்லை எழுதித் தேடினால், நொடிப்பொழுதில் பக்கங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. முதலில் நிற்பது ஏன் முதலில் நிற்கிறது என்று மாணவர்களைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "அதுதான் சிறந்தது, ஐயா" என்பர் சிலர். "பணம் கொடுத்திருப்பார்கள்" என்பர் வேறு சிலர். விளம்பரம் என்று குறிக்கப்பெற்று வருபவற்றை விட்டுவிட்டாலும், இவ்விரு விடைகளிலும் சிறிது உண்மை உண்டு.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த செர்கி பிரின், லாரி பேஜ் என்னும் இருவர் 1998ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு பக்கத்தில் தேடும் சொல் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், அப்பக்கத்தைப் பிற பக்கங்கள் எவ்வளவு சுட்டுகின்றன என்பதையும் காணவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. கூகுள் அதன்மீது எழுந்தது. இக்கருத்து முற்றிலும் புதியதன்று. எந்த அறிவியல் கட்டுரையை எவர் மேற்கோளாகக் காட்டினர் என்று தொகுத்துரைக்கும் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு 1964ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார்.

கணக்கு எளிது. 12 பங்கு மதிப்புள்ள பக்கம் 3 பக்கங்களுக்கு இணைப்புக் கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 4 பங்கு செல்லும். பெற்ற பக்கம் அதனைத் தான் சுட்டும் பக்கங்களுக்குப் பங்கிடும். ஆகவே மதிப்புள்ள ஒரு பக்கத்தின் இணைப்பு, மதிப்பில்லாத நூறு பக்கங்களின் இணைப்பைவிடக் கனமுடையதாகலாம். இன்று வரிசையை முடிவு செய்ய வேறு பல அளவுகளும் சேர்ந்துவிட்டன. எனினும் இணைப்பு இன்னும் கணக்கில் உண்டு.

இக்கணக்கின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இணைப்புக் கொடுத்தவர் அப்பக்கத்தைப் படித்திருக்கிறார் என்பதே அது. நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, ஓர் ஆண்டு வேலை மிகுதியால் நன்னடத்தைச் சான்றிதழ்களை மொத்தமாக அச்சிட்டுப் பெயரை மட்டும் நிரப்பிக் கொடுத்தேன். ஒரு கல்லூரி முதல்வர் எனக்கு எழுதினார்: "உங்கள் பிள்ளைகள் அனைவரும் ஒரே பிள்ளையா?" அடுத்த ஆண்டு முதல் கையால் எழுதினேன்.

இணைப்பிலும் அச்சிட்ட சான்றிதழ் உண்டு. மனிதர் படிக்காமலே இணைப்பு உண்டாக்கும் மென்பொருள்கள் எழுந்தன. வாசகர் கருத்து எழுதும் பெட்டி எங்கே திறந்திருக்கிறதோ, அங்கே அவை புகுந்து, "நல்ல கட்டுரை, நன்றி" என்று எழுதித் தம் இணைப்பை ஒட்டிவிட்டுச் செல்லும். ஒரு கட்டுரையின் சொற்களை மட்டும் மாற்றி நூறு கட்டுரைகளாக்கி நூறு இடங்களில் இடும். இதனைத் தடுக்க 2005ஆம் ஆண்டில் தேடுபொறி நிறுவனங்கள் ஓர் அடையாளத்தை ஏற்படுத்தின. அவ்வடையாளம் இட்ட இணைப்பு வாசகரை அழைத்துச் செல்லும்; ஆனால் பொதுவாக மதிப்பை ஏற்றாது. இயந்திரங்களோ ஓயவில்லை. இணைப்பு ஒட்டுவதற்கு அவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறிதல்லவா?

குற்றம் இயந்திரத்தினுடையது மட்டுமா? அமெரிக்காவில் ஜே. சி. பென்னி என்னும் பெரிய அங்காடி நிறுவனம் 2010ஆம் ஆண்டு இறுதியில் ஆடை, படுக்கை, தரைவிரிப்பு என எதைத் தேடினாலும் முதலிடத்தில் நின்றது. அப்பொருள்களோடு சிறிதும் தொடர்பில்லாத பக்கங்களிலெல்லாம் அதற்கு இணைப்புகள் வைக்கப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் 2011 பிப்ரவரியில் வெளிப்படுத்தியது. தாங்கள் அதற்கு இசைவளிக்கவில்லை என்றது நிறுவனம். கூகுள் நடவடிக்கை எடுத்தபின், ஒரு பயணப்பெட்டியைத் தேடுவோருக்கு மாலை 7 மணிக்கு முதலாவதாக நின்ற அத்தளம், 9 மணிக்கு 71ஆம் இடத்தில் கிடந்தது! கையால் வைத்தாலும் கருவியால் வைத்தாலும், படிக்காமல் கூறிய சான்று பொய்ச்சான்றுதான். காசு வாங்கிக்கொண்டு மனிதரே எழுதும் இணைப்பையும், விளம்பரம் என்று குறிக்காவிடில், கூகுள் விதிமீறலாகவே கொள்கிறது.

2012 ஏப்ரலில் பெங்குவின் என்னும் திருத்தம் வந்தது. போலி இணைப்புகளால் உயர்ந்த தளங்கள் அதனால் கீழே தள்ளப்பட்டன. போட்டியாளர் நம்மீது வேண்டுமென்றே இழிந்த இணைப்புகளை ஏவினால் என்செய்வது என்ற அச்சமும் உடனே பிறந்தது. "இவ்விணைப்புகள் எனக்கு வேண்டா" என்று தளத்தார் அறிவிக்கும் வசதியை அவ்வாண்டே கூகுள் அளித்தது. 2016 முதல் பெங்குவின் பெரும்பாலும் அத்தகைய இணைப்புகளைக் கணக்கில் கொள்ளாமல் விட்டுவிடுகிறது. அதாவது, வாங்கியவரின் பணம் வீண்.

உங்களுள் சிலருக்கு நாளை இதுவே தொழிலாகலாம். எனவே நேர்மையான கைவேலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும் கூறிவிடுகிறேன். உங்கள் ஊர்ப் பறவைகளைப் பற்றி ஒரு தளம் அமைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பறவைகளைப் பற்றி எழுதும் பிற தளங்களைத் தேடிப் படிக்கவேண்டும். அவற்றில் இறந்துபோன இணைப்பு ஏதேனும் இருந்தால், அதனை உரியவருக்கு அறிவித்து, அதே செய்தி உங்கள் பக்கத்தில் இருப்பதைச் சொல்லலாம். இருபது கடிதங்களுக்கு இரண்டு விடை வந்தால் மகிழலாம். அவ்விருவரும் உங்கள் பக்கத்தைத் திறந்து பார்ப்பர். ஒரு பறவையின் பெயரைப் பிழையாக எழுதியிருந்தால், இணைப்புக்கு முன்னே அதைத்தான் சுட்டிக்காட்டுவர்.