கார்க் கண்ணாடியும் நோயாளியின் பயணமும்

கோடியக்கரை, வேதாரண்யம் பகுதிகளிலிருந்து நோயாளியைக் காரில் அழைத்து வரும் குடும்பத்தார், புறப்படுமுன் கண்ணாடிகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம். கடலோர உப்புக் காற்றில் சன்னலை ஏற்றி இறக்கும் உறுப்புகள் விரைவில் துருப்பிடிக்கும். பாதியில் நின்ற சன்னலை அட்டையால் அடைத்துக்கொண்டு ஓட்டினால், பக்கத்தில் வரும் வண்டி ஓட்டுநருக்குத் தெரியாது.

முன்கண்ணாடி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டது. அடிபட்டால் விரிசல் விடுமேயன்றி எளிதில் சிதறாது. பல கார்களில் முன்னிருக்கைப் பயணிக்கான காற்றுப்பை விரியும்போது அக்கண்ணாடியே அதற்குத் தாங்கலாகிறது. ஆதலால் சிறு கல் பட்ட புள்ளியையும் அலட்சியம் செய்யலாகாது. தொடக்கத்திலேயே பிசின் செலுத்தி அடைத்துவிடலாம். விளிம்புவரை ஓடிய விரிசலுக்கும், ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் உள்ள விரிசலுக்கும் புதுக் கண்ணாடியே வேண்டும். பக்கக் கண்ணாடி, சூடேற்றிக் குளிரவைத்து உறுதியாக்கப்பட்டது. உடைந்தால் சிறுசிறு துண்டுகளாய் உதிரும். மாற்றுவதன்றி வேறு வழியில்லை.

கண் அறுவை செய்துகொண்டவருக்கு வெயில் கூசுமென்று சன்னலில் கறுப்புத் தாள் ஒட்ட வேண்டாம். உச்ச நீதிமன்றம் 2012-இல் அதைத் தடை செய்தது. இரவில் ஓட்டுநரின் பார்வையையும் அது குறைக்கும். நோயாளி கறுப்புக் கண்ணாடி அணிந்துகொள்வதே போதும்.

வழியில் கண்ணாடி உடைந்து கண்ணில் துகள் விழுந்தால் தேய்க்காதீர்கள். கண்ணை அழுத்தாமல் மூடி, உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். உடலில் ஆழப் பதிந்த துண்டைப் பிடுங்காதீர்கள். அதுவே குருதிப்பெருக்கை அடைத்து நிற்கக்கூடும். அதன் இருபுறமும் துணி வைத்து அழுத்தி, 108-ஐ அழையுங்கள்.