லினக்ஸ் நம் மேசையில் – 9: பழைய கோப்புகளில் முடங்கிய தமிழ்

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றுவது எப்படி, அதன் எக்ஸ்எஃப்சிஇ மேசைச்சூழல் ஏன் நினைவகம் குறைந்த கணினிக்கும் சுமையாவதில்லை என்று போன வாரம் பார்த்தோம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, ஓரளவு புதிய செயலி என்று நிபந்தனைகள் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள் பல கிள்ளான் பள்ளத்தாக்கு வீடுகளில் ஓரங்கட்டப்பட்டது இப்படித்தான். அவற்றை லினக்ஸ் மறுபடி எழுப்பிவிடும். ஆனால், அவற்றுக்குள் இருக்கும் பழைய தமிழ்க் கோப்புகளின் கதி என்ன?

கிள்ளானில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவருக்கு அண்மையில் மின்ட் ஏற்றிக் கொடுத்தேன். ஆண்டு விழாவுக்கு எழுதிய நாடகங்கள், கதை சொல்லும் போட்டிக்கான கதைகள், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டக் குறிப்புகள் என்று அவர் பத்திரமாக வைத்திருந்த கோப்புகள் எல்லாம் 2000-களின் தொடக்கத்தில் தட்டச்சு செய்தவை. லிப்ரே ஆபிஸில் ஒரு நாடகத்தைத் திறந்தோம். ஆங்கில எழுத்துகளின் தலையில் புள்ளியும் கோடும் முளைத்த குறிகள்தான் திரை முழுக்கத் தெரிந்தன.

"தம்பி, நாடகமெல்லாம் போச்சா?" என்று கேட்டார்.

"போகலை டீச்சர். நீங்க தட்டினது அப்படியே இருக்கு. அதைத் தமிழாப் படிக்கச் சொல்லணும், அவ்வளவுதான்" என்றேன்.

கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணைதான் குறியேற்றம். எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு அட்டவணை பரவுவதற்கு முன்பு தமிழ் மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணை இருந்தது. ஒருவர் அனுப்பிய கடிதத்தைப் படிக்க, அவர் வைத்திருக்கும் அதே எழுத்துரு நம்மிடமும் இருக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1990-களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியாகவே விவாதித்து உருவாக்கிய பொது அட்டவணைதான் டிஸ்கி. சுவிட்சர்லாந்தின் கு. கல்யாணசுந்தரமும் மலேசியாவின் முத்து நெடுமாறனும் அந்த முயற்சியில் முன்னின்றவர்கள். முத்து நெடுமாறன், கிள்ளான் நன்கறிந்த கவிஞர் முரசு நெடுமாறனின் மகன். 1980-களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கியவர். அவருடைய முரசு அஞ்சல் மென்பொருளும் டிஸ்கியை ஏற்றுக்கொண்டது. கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை டிஸ்கியில் தந்தது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தபோது, குறியேற்றம்தான் தமிழ்க் கணிமையின் பெரிய பேச்சாக இருந்தது.

டிஸ்கி எந்த நிறுவனத்தின் சொத்தாகவும் இருக்கவில்லை. அதன் அட்டவணை எல்லாருக்கும் திறந்திருந்தது. அதனால்தான், லினக்ஸ் கணினிகளுக்கு அடித்தளமான ஜிலிப்சி நிரல் தொகுப்பில் 2002-இலேயே டிஸ்கிக்கு இடம் கிடைத்தது. டிஸ்கியை மாற்றித் தரும் அந்தப் பகுதியை எழுதியவர் புரூனோ ஹைபிள் என்ற ஜெர்மானியர். அட்டவணை பொதுவில் இருந்ததால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

டிஸ்கியை யூனிகோடாக மாற்றுவது எளிய வேலையும் அல்ல. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். டிஸ்கி அதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே வைக்கிறது: முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். யூனிகோட்டில் முதலில் 'க', அதன்பின் ஒகரக் குறி, அவ்வளவுதான். 'கு', 'கூ' போன்றவற்றுக்கு டிஸ்கியில் தனித்தனி எண். யூனிகோட்டில் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் வெவ்வேறு எண். ஆகவே, எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது. கொம்பைக் கண்டதும் பொறுத்திருந்து, அடுத்து வரும் எழுத்தைப் பார்த்து, கால் வருகிறதா என்றும் கவனித்து, வரிசையைத் திருப்ப வேண்டும். ஹைபிளின் நிரல் இத்தனையும் செய்கிறது.

ஆசிரியையின் கோப்புகளை மாற்றிய முறை இது. முதலில் எல்லாக் கோப்புகளுக்கும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்தோம். பிறகு நாடகத்தை லிப்ரே ஆபிஸில் திறந்து, குறியேற்றத்தைத் தேர்ந்தெடுக்க விடும் வெற்று உரை வகையில், விண்டோஸ்-1252 குறியேற்றத்தில் சேமித்தோம். அடுத்து முனையத்தைத் திறந்து, ஹைபிளின் நிரலைப் பயன்படுத்தும் ஐகான்வ் கட்டளைக்கு மூலக் குறியேற்றம் டிஸ்கி, இலக்குக் குறியேற்றம் யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவம் என்று சொன்னோம். நொடியில் புதிய கோப்பு வந்தது. திறந்தால், பாத்திரங்களின் பெயர்கள் முதல் திரை விழும் குறிப்பு வரை சுத்தமான தமிழ். ஆசிரியை முதல் காட்சியை வாய்விட்டே படித்தார்.

சில எச்சரிக்கைகள். தடித்த எழுத்து, பட்டியல் கட்டம் போன்ற அலங்காரங்கள் இந்த வழியில் போய்விடும். மேற்கோள் குறிகளும் தமிழ் எண்களும் சில இடங்களில் பிசகலாம். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். பழைய கோப்பு எல்லாமே டிஸ்கியும் அல்ல. பாமினி, டேப், வானவில் என்று வேறு அட்டவணைகளும் புழக்கத்தில் இருந்தன. அவற்றுக்கு முத்து அண்ணாமலையும் நண்பர்களும் பைத்தான் மொழியில் வளர்த்துவரும் ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நிரலகம் உதவும்.

இனிமேல் புதிதாகத் தட்டுவதற்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பையும் நிறுவிக்கொள்ளுங்கள். ஆங்கில ஒலியில் தட்டிப் பழகியவர்களுக்கு ஒலிபெயர்ப்பு முறை உண்டு, தமிழ்99 விசைப்பலகை முறையும் உண்டு. விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்நெட்99 என்ற பெயரில் இன்னொன்றும் தெரியும். அது ஒரு விசைக்கு ஒரு குறி என்று மட்டுமே இயங்கும். தமிழ்99-இன் தானியங்கிப் புள்ளி எம்17என் வழியில்தான் கிடைக்கும். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் 'அம்மா' வந்துவிடும். புள்ளியைக் கணினியே வைத்துக்கொள்ளும்.

மலேசிய அரசுத் துறைகளுக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை, அரசு நிர்வாகத்தை நவீனப்படுத்தும் பிரிவாக இருந்த மாம்பு 2004-இல் வெளியிட்டது. அது அலுவலகங்களை நோக்கி மேலிருந்து வந்த திட்டம். நம் வீட்டுக் கோப்புகளுக்கும் சங்கத்துக் கோப்புகளுக்கும் அப்படி ஒரு திட்டத்தை யாரும் போட்டுத்தரப் போவதில்லை. அச்சு இதழ் ஒன்றைப் பாருங்கள்: 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019-இல் நின்றுபோனது. ஆனாலும் அச்சான தாள் எங்காவது கிடைத்தால் இன்றைக்கும் படிக்கலாம், கண் இருந்தால் போதும். கணினிக் கோப்பைப் படிக்கக் கண் போதாது, அட்டவணையும் வேண்டும். ஒரு நிறுவனத்தோடு பூட்டிய அட்டவணை அந்த நிறுவனத்தோடு போய்விடும். திறந்த அட்டவணை, யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதும் நிரலில் தங்கிவிடும். லினக்ஸ் இலவசம் என்பது அதன் சிறிய நன்மைதான். இருபது ஆண்டுக்கு முன் நாம் எழுதியதை இன்றும் நமக்கே திருப்பித் தருவதுதான் பெரிய நன்மை.

பிரிக்பீல்ட்ஸ் அச்சகங்களிலும் கிள்ளான் தெங்கு கெலானா சாலைக் கடைகளிலும் பழைய கணினிகளை இன்னும் வைத்திருப்பவர்களே, கோயில் நிர்வாகக் குழுவினரே, சங்கச் செயலாளர்களே, ஆசிரியர்களே! கணினியைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் உள்ளே இருக்கும் கோப்புகளை எடுங்கள். யூனிகோடுக்கு மாற்றி, மூலத்தையும் மாற்றியதையும் இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். கோயில் வரலாறும் மாணவர் நாடகமும் திருவிழா மலரும் பெரும்பாலும் வேறெங்கும் கிடைக்காதவை. அவற்றைக் காப்பாற்ற ஒரு சனிக்கிழமை மதியம் போதும். இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.

(தொடரும்)