உறங்கும் பாம்பு துடிப்பது ஏன்?

‘பாம்பென்றால் படையும் நடுங்கும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. படையை நடுங்கச் செய்யும் அப்பாம்பே, தான் உறங்கும் வேளையில் நடுங்குவதுண்டு என்றால் நம்மில் பலர் வியப்படைவர். இக்காலத்தில் சிலர் பாம்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கின்றனர். மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டதும், அச்சமுற்றால் பந்தைப் போல் சுருண்டு கொள்வதுமான சிறு மலைப்பாம்பு இவ்வாறு வளர்க்கப்படுபவற்றுள் ஒன்று. சுருண்டு அமைதியாகக் கிடக்கும் அப்பாம்பின் உடலில் திடீரென ஒரு வெட்டு. வால் நுனியில் ஒரு சுண்டல். சற்று நேரத்தில் மீண்டும் அமைதி. இதனைக் காண்போர், “பாம்புக்கு வலிப்பு வந்துவிட்டதோ?” என்று அஞ்சுவர். வேறு சிலர், “பாம்பு கனவு காண்கிறது” என்பர். உண்மை யாது? இதனை அறிவியலின் துணைகொண்டு ஆராய்வோம். இவ்வாராய்ச்சி, தோட்டப்புறத்தில் வாழும் நம் உயிரைக் காக்கவும் உதவும் என்பதை இறுதியில் காண்போம்.

இமையில்லாக் கண்கள்

பாம்பு உறங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல இயலாது. காரணம், பாம்பிற்கு இமை கிடையாது. அதன் கண்ணின் மேல் கண்ணாடி போன்ற ஒரு செதில் அசையாமல் மூடியிருக்கிறது. பாம்பு சட்டை உரிக்கும்பொழுது அச்செதிலும் சேர்ந்தே உரிகின்றது. எனவே பாம்பு உறங்கினாலும் அதன் கண்கள் திறந்தே இருப்பனபோல் தோன்றும்.

பழந்தமிழர் பாம்பிற்குக் ‘கட்செவி’ என்று பெயரிட்டனர். கண்ணே செவியாகவும் விளங்குவது என்பது அதன் பொருள். பாம்பிற்குப் புறச்செவி இல்லாமையைக் கண்டே அவர்கள் அவ்வாறு அழைத்தனர் போலும். ஆயினும் பாம்பிற்கு உட்செவி உண்டு. தரையில் படிந்திருக்கும் தாடை எலும்பு நில அதிர்வை வாங்கி உட்செவிக்குச் செலுத்துகிறது. ஆகவே, உறங்குவதுபோல் கிடக்கும் பாம்பு நம் காலடி அதிர்வை நன்கு உணரக்கூடும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

உறக்கத்தின் இரு நிலைகள்

நாம் உறங்கும்பொழுது நமது மூளை உறங்கிவிடுவதில்லை. 1953-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள் கண்கள் சில வேளைகளில் விரைந்து அசைவதைக் கண்டு உலகிற்கு அறிவித்தனர். அவ்வேளையில் எழுப்பப்பட்டோர் பெரும்பாலும் தாம் கனவு கண்டதாகக் கூறினர். இதனை ‘விரைகண் உறக்கம்’ எனலாம். மற்றொன்று, மூளை அலைகள் மெதுவாகவும் ஓங்கியும் எழும் ‘மெல்லலை உறக்கம்’. மனிதருக்கு இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்திற்கு ஒரு சுற்றாக மாறி மாறி வருகின்றன.

விரைகண் உறக்கத்தின்பொழுது மூளை ஏறத்தாழ விழித்திருப்பதுபோலவே சுறுசுறுப்பாக இயங்குகிறது. அப்படியாயின், கனவில் ஓடுபவன் ஏன் பாயை விட்டு எழுந்து ஓடுவதில்லை? மூளையின் அடித்தண்டு, தசைகளுக்குச் செல்லும் கட்டளைகளைத் தடுத்து நிறுத்துவதே காரணம். பிரான்சு நாட்டின் லியோன் நகரில் மிசேல் சூவே என்னும் அறிஞர் பூனைகளைக் கொண்டு இதனை விளக்கினார். அடித்தண்டின் ஒரு பகுதி பழுதுற்ற பூனைகள், உறக்கத்திலேயே எழுந்து எலியைத் தாக்குவதுபோல் பாய்ந்தன.

அணையில் சிறு கசிவு ஏற்படுவதுபோல், இத்தடையையும் மீறிச் சில கட்டளைகள் தசைகளை எட்டிவிடுகின்றன. அப்பொழுதுதான் உறங்கும் நாயின் கால்கள் துடிக்கின்றன. தொட்டிலில் உறங்கும் குழந்தையின் விரல்கள் சுண்டுகின்றன. இத்துடிப்புகள் வீணானவை அல்ல என்று அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எலிக்குட்டிகளை ஆராய்ந்தோர் கருதுகின்றனர். எந்தத் தசையை இயக்கினால் எந்த உறுப்பு அசையும் என்பதை இளம் மூளை இத்துடிப்புகளின் வாயிலாகக் கற்றுக்கொள்கிறது என்பது அவர்தம் கருத்து.

ஊர்வனவற்றின் உறக்கம்

பாலூட்டிகளும் பறவைகளும் மட்டுமே இவ்விருவகை உறக்கமும் கொள்வன என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2016-ஆம் ஆண்டில் அவ்வெண்ணம் அசைந்தது. செருமனியின் பிராங்பர்ட் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வுக் கழகத்தினர், ஆஸ்திரேலியாவின் தாடி ஓணானை ஆராய்ந்தனர். அதன் மூளையிலும் இரு நிலைகள் மாறி மாறி வந்தன. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 80 விநாடிகளே ஆயின. நமக்கு ஓர் இரவில் நான்கைந்து சுற்றுகள் வர, அவ்வோணானுக்கு நூற்றுக்கணக்கான சுற்றுகள் வருகின்றன!

ஓணானும் பாம்பும் நெருங்கிய உறவின. செதிலுடைய ஊர்வன என்னும் ஒரே பெரும் பிரிவில் இரண்டும் அடங்கும். ஆதலால், உறங்கும் பாம்பின் உடலில் எழும் சிறு துடிப்பும் இத்தகைய உறக்க நிலையைச் சேர்ந்ததாக இருத்தல் கூடும் என்று கருத இடமுண்டு. முதுகெலும்பில்லா உயிர்களிலும் இதுபோன்றதைக் கண்டுள்ளனர். 2022-இல் தாவும் சிலந்திக் குஞ்சுகளை ஆராய்ந்தோர், அவை உறங்குகையில் கால்கள் சுண்டுவதையும் கண்ணின் உட்பகுதி அசைவதையும் பதிவு செய்தனர். எனினும், துடிப்பதால் அவை கனவு காண்கின்றன என்று முடிவு கட்டிவிடலாகாது. கனவைச் சொல்லப் பாம்பிற்கு வாயில்லை. கேட்க நமக்கு வழியில்லை.

பாம்பின் துடிப்பு நம் கண்ணுக்கு நன்கு புலப்படுவதற்கு அதன் உடலமைப்பும் ஒரு காரணம். மனிதனுக்கு முதுகெலும்புக் கணுக்கள் 33. பாம்பிற்கோ பெரும்பாலும் 200 முதல் 400 வரை உண்டு. அவற்றைத் தொடர்ந்து விலா எலும்புகளும், அவற்றைப் பிணைக்கும் தசைகளும் உடல் நெடுகிலும் அமைந்துள்ளன. அவற்றுள் ஒரு சிறு தசை சுண்டினாலும் மெல்லிய தோலின் மேல் அது அலைபோல் தெரியும்.

நோயின் அறிகுறி எது?

எல்லாத் துடிப்பும் உறக்கத் துடிப்பன்று. உறக்கத்தில் எழும் துடிப்பு சிறியது. விட்டு விட்டு வருவது. பாம்பு விழித்தவுடன் மறைந்துவிடுவது. விழித்த பாம்பு நாவை நீட்டி நீட்டிச் சுவைத்து, நேராக ஊர்ந்து செல்லுமாயின் அஞ்ச வேண்டுவதில்லை. சட்டை உரிக்கும் காலத்திலும் பாம்பு உடலைச் சுண்டி நெளிக்கும். அதற்குச் சில நாள்கள் முன்னரே அதன் கண்கள் பால்படர்ந்தாற்போல் மங்கும்.

மாறாக, விழித்திருக்கும்பொழுதும் தலை ஓயாது நடுங்குதல், தலையை வானோக்கி நிமிர்த்தியவாறே கிடத்தல், மல்லாந்தால் புரண்டு எழ இயலாமை ஆகியவை நோயின் அறிகுறிகள். மலைப்பாம்புகளைத் தாக்கும் கொடிய தொற்றுநோய் ஒன்று இவ்வாறு நரம்புகளைக் கெடுக்கிறது. ஒரு வகை நச்சுயிரிக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பு 2012-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. மிகுந்த வெப்பமும் பாம்பிற்கு வலிப்பை உண்டாக்கும்.

பூச்சிக்கொல்லி மற்றொரு காரணமாகும். இதனைத் தோட்டத்து மக்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். நரம்பு தசைக்குக் கட்டளை இடும்பொழுது ஒரு வேதிப்பொருளை விடுகிறது. வேலை முடிந்ததும் ஒரு நொதி அதனை அழித்துவிடுகிறது. சில வகைப் பூச்சிக்கொல்லிகள் அந்நொதியை முடக்கிவிடுகின்றன. கட்டளை அழியாமல் நிற்பதால் தசை ஓயாது துடிக்கிறது. பாம்பிற்கு மட்டுமன்று, மனிதருக்கும் இதே கதிதான். மருந்து தெளிக்கும் தொழிலாளர் ஒருவருக்கு இமையும் கைகால் தசைகளும் தாமே துடித்து, வியர்வையும் உமிழ்நீரும் மிகுந்து, கண் மங்கினால், அது களைப்பன்று, நஞ்சேறியதன் அடையாளம். உடனே நனைந்த உடையைக் களைந்து, உடலைச் சோப்பிட்டுக் கழுவி, மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

அசையாப் பாம்பு உறங்கும் பாம்பன்று

இனி நம் தோட்டத்திற்கு வருவோம். பினாங்கு, பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் உள்ள பாம்புக் கோயிலுக்குச் சென்றோர், கிளைகளில் பச்சை விரியன்கள் பகல் முழுதும் அசையாது கிடப்பதைக் கண்டிருப்பர். ஊதுவத்திப் புகையால் அவை மயங்கிக் கிடக்கின்றன என்று சொல்வாரும் உளர். ஆனால் அப்பாம்புகள் இயல்பாகவே இரவில் இரை தேடுவன. ஓரிடத்தில் அசையாதிருந்து இரை அருகில் வரும்வரை காத்திருப்பன. அசையாமையே அவற்றின் வேட்டை முறை.

இவற்றின் இனத்தைச் சேர்ந்த ஒரு குழிவிரியன், கெடா, பெர்லிஸ் முதலிய வட மாநிலங்களின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்கிறது. மலாய் மொழியில் இதனைக் ‘காப்பாக் போடோ’ என்பர். ‘போடோ’ என்றால் மடமை. ஆள் நெருங்கி வந்தாலும் ஓடாமல் சருகோடு சருகாகக் கிடப்பதால் இப்பெயர் பெற்றது போலும். விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்றோர் பலர் இதனை மிதித்துக் கடிபட்டனர். 1950-களிலும் 1960-களிலும் பினாங்கு மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் அலிஸ்டர் ரீட், இத்தகைய நோயாளிகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளார்.

இன்னொரு வியப்பும் உண்டு. குழிவிரியன் இனங்கள் சிலவற்றின் குட்டிகள், உடலை அசைக்காமல் வால் நுனியை மட்டும் புழுவைப்போல் நெளிக்கும். புழுவென்று எண்ணி நெருங்கும் தவளையும் பல்லியும் அவற்றிற்கு இரையாகும். “பாம்பு உறங்குகிறது, வால் மட்டும் துடிக்கிறது” என்று எண்ணி ஒரு சிறுவன் குச்சியை நீட்டுவானாயின் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

செத்த பாம்பும் அவ்வாறே. தலை துண்டிக்கப்பட்ட பின்னரும் பாம்பின் உடல் நெடுநேரம் நெளியும். துண்டான தலையும் பல நிமிடங்கள், சில வேளைகளில் ஒரு மணி நேரம் வரையிலும், கடிக்கும் ஆற்றலை இழப்பதில்லை. மூளையின் விருப்பமின்றி நரம்புகள் தாமே செய்யும் செயல் இது. 2018-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், தாம் வெட்டிய பாம்பின் தலையை எடுத்தெறிய முயன்ற ஒருவர் அத்தலையாலேயே கடியுண்டு, உயிருக்குப் போராடிப் பிழைத்தார்.

நாம் செய்ய வேண்டுவன

மாணவச் செல்வங்களே! பாம்பு அசையாதிருந்தாலும், துடித்தாலும், செத்ததுபோல் கிடந்தாலும் அருகில் செல்லாதீர்கள், கல்லெறியாதீர்கள், பெரியோரிடம் சொல்லுங்கள். பெற்றோர்களே! வீட்டிற்குள் பாம்பு நுழைந்துவிட்டால், பிள்ளைகளை விலக்கி, தொலைவில் நின்று அதன் மேல் கண் வைத்து, மலேசியாவில் 999 என்னும் எண்ணை அழையுங்கள். தொழிலாளத் தோழர்களே! இருளில் விளக்கும், காலில் நீண்ட காலணியும் இன்றிக் காட்டிற்குள் இறங்காதீர்கள்.

கடிபட்டால் கடிவாயைக் கீறுதலும், உறிஞ்சுதலும், கயிற்றால் இறுகக் கட்டுதலும் கேடு பயக்கும். மோதிரம், வளையல், கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி, கடியுண்ட உறுப்பை அசையாமல் தாங்கி, கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிச் சென்று மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். நாகம் கண்ணில் நஞ்சை உமிழ்ந்தால், நிறைய நீர்விட்டு உடனே கழுவுதல் வேண்டும்.

பாம்பை வளர்க்க விரும்புவோர் சட்டத்தையும் அறிதல் நன்று. சிங்கப்பூரில் பாம்பைச் செல்லப்பிராணியாக வைத்திருக்கச் சட்டம் இடந்தரவில்லை. தீபகற்ப மலேசியாவில், 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், பாதுகாக்கப்பட்ட பாம்பை உரிமமின்றி வைத்திருத்தல் குற்றமாகும்.

பாம்பு நமக்குப் பகையன்று. செம்பனைக் குலைகளைக் கடித்து நாசமாக்கும் எலிகளைத் தின்று அது தோட்டத்திற்கு உதவுகிறது. அதனை அடித்துக் கொல்லுதலும் வேண்டா; உறங்குகிறதென்று தொட்டு விளையாடுதலும் வேண்டா. எதனைக் கண்டாலும் ‘ஏன்?’ என்று கேட்போம். தொலைவில் நின்றே கேட்போம். அவ்வாறு கேட்கும் அறிவு நம் பிள்ளைகளுக்கு வாய்க்குமாயின், அச்சம் நீங்கும், ஆபத்தும் அகலும்.