மண்ணிலிருந்து மாட்டுக்குள்

நல்ல திடமான மாடு. இருமல் இல்லை, இளைப்பு இல்லை, கறவையும் குறையவில்லை. அறுத்தபின் அதன் தொண்டைப் பக்கத்து நிணநீர்க் கணுவைப் பரிசோதனைக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தால், சில சமயம் மைக்கோபாக்டீரியா முளைக்கிறது. காசநோய்க் கிருமியின் குடும்பம்!

பயப்பட வேண்டாம். 150 இனங்களுக்கு மேல் உள்ள பெரிய குடும்பம் இது. மனிதக் காசநோய், மாட்டுக் காசநோய், தொழுநோய்க் கிருமிகளை ஒதுக்கிவிட்டால், மிச்சமுள்ள பலவும் சேற்றிலும் குட்டையிலும் குழாய்நீரிலும் தம்பாட்டுக்குப் பிழைப்பவை. மெழுகு பூசியதுபோன்ற கொழுப்புச் சுவர் இருப்பதால் குளோரினுக்கும் எளிதில் மசியாதவை. மாடு மண்ணோடு சேர்த்துத்தானே புல்லைக் கடிக்கிறது? உள்ளே போனவற்றில் சில நிணநீர்க் கணுவில் சிக்கி, நோய் எதுவும் தராமல் தங்கிவிடுகின்றன. (ஏவியம் இனத்தின் ஒரு கிளை மட்டும் மாட்டுக்குத் தீராக் கழிச்சல் தரும், அது தனிக்கதை.)

வம்பு காசநோய்ச் சோதனை ஊசியில்தான். 1890இல் ராபர்ட் கோக் மருந்தென்று அறிவித்த டியூபர்குலின் என்ற கிருமிச்சாறு, மருந்தாகத் தோற்றுச் சோதனையாக நிலைத்தது. தோலுக்குள் போட்டால், காசநோய்க் கிருமியை முன்பே சந்தித்த உடம்பு அந்த இடத்தில் வீங்கும். மண்கிருமியைச் சந்தித்த உடம்பும் கொஞ்சம் வீங்கித் தொலைக்கும். அதனால் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மாட்டின் கழுத்தில் இரண்டு இடத்தில் மயிரைக் கத்தரித்து இரண்டு ஊசி போடுகிறார்கள்: ஒன்று மண்கிருமிகளுக்கு உறவான ஏவியம் என்ற பறவைக் கிருமியின் சாறு, மற்றது மாட்டுக் கிருமியுடையது. 72 மணி நேரம் கழித்துத் தோல் தடிப்பை அளப்பார்கள். மாட்டுச் சாற்றின் வீக்கம் மற்றதைவிட 4 மில்லிமீட்டருக்கு மேல் கூடினால் காசநோய் என்று தீர்ப்பு, மாட்டைக் கொன்றுவிடுவார்கள். பறவைச் சாறு போட்ட இடமே பெரிதாக வீங்கினால் மண்கிருமியின் வேலை என்று விட்டுவிடுவார்கள். மாட்டின் உயிர் சில மில்லிமீட்டரில் தொங்குகிறது என்பது எனக்கு உறுத்தலான விஷயம்.

மனிதருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. மாட்டுக் கிருமியை 13 ஆண்டு வளர்த்து வீரியம் குறைத்து, கால்மெட்டும் கெரானும் உருவாக்கியதே பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரும் ஆய்வில், அது நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று 1979இல் தெரிந்தது. அந்த மண்ணின் மைக்கோபாக்டீரியாக்கள் மக்களின் உடம்பை முன்பே பழக்கிவிட்டிருக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, இப்போது காசநோய்க் கிருமியிடம் உள்ள ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற இரு புரதங்களை வைத்துச் சோதிக்கிறார்கள். பிசிஜியிடம் அவை இல்லை. மண்கிருமிகளில் பெரும்பாலானவற்றிடமும் இல்லை. குழாய்நீரில் வாழும் கன்சாசி என்ற இனம் போன்ற சிலவற்றிடம் இரண்டும் இருந்து தொலைக்கின்றன.