கை நடுக்கமும் மூளைக்குள் வைக்கும் கம்பியும்

கை நடுங்கும் பெரியவர் ஒருவராவது இல்லாத லயம் நம் தோட்டங்களில் குறைவு. தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் கொடுத்தால் பாதி தரையில் சிந்தும். "வயசாச்சு, கை ஆடத்தான் செய்யும்" என்பார் ஒருவர். "ராத்திரி போட்டது இன்னும் எறங்கல" என்று சிரிப்பார் இன்னொருவர். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நூல் கட்டப் போகிறவர்களும் உண்டு. கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கு இது வந்தால் நிறுவை குறையும், அரைப்பேர்தான் விழும். சோம்பேறி என்ற பேச்சும் சேர்ந்து வரும்.

இப்படி நடுங்குகிறவர்களில் பலருக்கு இருப்பது ஒரு நோய். அதற்கு வைத்தியம் உண்டு. குளிசை போதாமல் போகிற சிலருக்கு மூளைக்குள் மெல்லிய கம்பி வைக்கும் சத்திரசிகிச்சைகூட உண்டு. அதைப் பற்றி இம்முறை விளக்கமாகச் சொல்கிறோம்.

இரண்டு வகை நடுக்கம்

கோப்பையைத் தூக்கும்போதோ கையெழுத்துப் போடும்போதோ நடுங்குவது ஒரு வகை. இது பல குடும்பங்களில் தகப்பன், பிள்ளை என்று தொடர்ந்து வரும்.

கை மடியில் சும்மா கிடக்கும்போது நடுங்குவது இன்னொரு வகை. பெரும்பாலும் ஒரு பக்கக் கையில்தான் முதலில் தொடங்கும். நடை மெதுவாகும், உடம்பு விறைக்கும், நடக்கும்போது ஒரு கை வீசாது, எழுத்து சிறுத்துப் போகும். இதுதான் பார்க்கின்சன் நோய். 1817ஆம் ஆண்டு லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதைப் பற்றி எழுதியதால் அந்தப் பெயர் வந்தது. மூளையின் அடிப்பகுதியில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து போவதால் இது வருகிறது.

குளிசை போட்டால் போதாதா?

பலருக்குப் போதும். 1960களில் வந்த லெவோடோபா என்ற மருந்து மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிறது. எழும்ப முடியாதவர்களையும் அது நடக்க வைத்திருக்கிறது. ஆனால் வருடங்கள் போகப் போக, அடுத்த குளிசைக்கு நேரம் வருமுன்பே மருந்தின் வேகம் இறங்கிவிடும். வேறு நேரத்தில் கை கால்கள் தாமாக நெளியும். இப்படி அவதிப்படுகிறவர்களுக்குத்தான் கம்பி வைக்கும் வைத்தியம் உதவுகிறது.

இது வந்த கதை

முன்பெல்லாம் நடுக்கத்தை நிறுத்த மூளைக்குள் ஒரு சிறு புள்ளியைச் சுட்டுவிடுவார்கள். சுடுவதற்கு முன் இடம் சரிதானா என்று பார்க்க, மெல்லிய மின்சாரம் கொடுப்பார்கள். பிரான்ஸ் நாட்டில் கிரெனோபிள் நகரத்து சத்திரசிகிச்சை நிபுணர் பெனபிட் ஒரு விஷயத்தைக் கவனித்தார். வினாடிக்கு நூறு தடவை அளவில் மின்துடிப்புக் கொடுத்தால் நடுக்கம் நின்றது, நிறுத்தினால் திரும்ப வந்தது. அப்படியானால் எதற்குச் சுட வேண்டும், கம்பியை உள்ளேயே விட்டுவிடலாமே என்று 1987இல் அவரும் அவரோடு இருந்தவர்களும் தொடங்கினார்கள். 1993இல் மூளையின் இன்னோர் இடத்தில் கம்பி வைத்தபோது, நடுக்கத்தோடு விறைப்பும் மந்தமும் குறைவதைக் கண்டார்கள்.

மலையில் நாலு பேர் ஓயாமல் சத்தம் போட்டால் கங்காணி சொல்வது யாருக்கும் கேட்காது. அதுபோல நோய் வந்த மூளையில் தவறான துடிப்புகள் ஓயாமல் எழும்பி, கை கால்களுக்குப் போகும் கட்டளையைக் குழப்புகின்றன. கம்பியில் ஓடும் மின்சாரம் அந்தச் சத்தத்தை அடக்குகிறது.

எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் படம் பிடித்து இடத்தைக் குறிப்பார்கள். மண்டை ஓட்டில் சிறு துளை போட்டு, ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய தடிப்புள்ள கம்பியை இறக்குவார்கள். மூளைக்கு வலி தெரியாது. அதனால் தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஆளை விழிப்பாக வைத்தே "விரலை மடக்குங்க, விரிங்க" என்று சோதிப்பதும் உண்டு. பிறகு நெஞ்சின் மேற்பக்கம் தோலுக்கடியில் பெட்டரி வைத்த சின்னப் பெட்டியைப் பதித்து, கம்பியோடு இணைப்பார்கள். மின்சாரத்தின் அளவை வைத்தியர் வெளியிலிருந்தே கூட்டிக் குறைப்பார். சாதாரண பெட்டரியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

யாருக்கு ஏற்றது?

இது நோயை அடியோடு தீர்க்காது. நோய் உள்ளே வளரத்தான் செய்யும். தடுமாறி விழுவது, பேச்சுக் குழறல், மறதி இவற்றுக்கு இதனால் பெரிய பயன் இல்லை. குளிசை போட்டால் நன்றாக நடந்து, வேகம் இறங்கினால் முடங்குகிறவர்களுக்கே நல்ல பலன் கிடைக்கும். குளிசைக்கு அடங்காத கடும் நடுக்கத்துக்கும் உதவும். மறதி முற்றியவர்களுக்கு ஏற்றதல்ல. மூளையில் இரத்தம் கசிவது, கிருமி தொற்றுவது போன்ற ஆபத்துகள் சிலருக்கு வரலாம். செலவும் மிகப் பெரியது. ஆகவே கடன்பட்டு ஓடுவதற்கு முன், இது நமக்குப் பொருந்துமா என்று நரம்பியல் வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

• நடுக்கம் கண்டால் தோட்ட வைத்திய உதவியாளரிடம் காட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு வாங்குங்கள். கண்டி, கொழும்பு போன்ற இடங்களில் நரம்பியல் வைத்தியர்கள் இருக்கிறார்கள்.

• குடிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். வாந்திக்கும் மனநோய்க்கும் கொடுக்கும் சில மருந்துகளாலும் நடுக்கமும் விறைப்பும் வரும். அப்படியானால் மருந்தை மாற்றினாலே பலருக்குக் குணமாகிவிடும்.

• லெவோடோபாவை நேரம் தவறாமல், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் எடுங்கள். முடிந்துபோச்சு என்று திடீரென நிறுத்துவது ஆபத்து. இரண்டு நாளுக்கு முன்பே கிளினிக் கொப்பியோடு புறப்படுங்கள்.

• தினமும் நடங்கள், கை கால்களை நீட்டி மடக்குங்கள்.

• கம்பி வைத்தவர் யாராவது இருந்தால், வேறு எந்த வைத்தியத்துக்குப் போனாலும் முதலில் அதைச் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. நடுங்கும் கையைப் பார்த்துச் சிரித்தால், அந்தப் பெரியவர் கையை ஒளித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவார். வைத்தியம் அவரைத் தேடி வராது. "வாங்க தாத்தா, கிளினிக்குக்குப் போய் வருவோம்" என்று கூட்டிப் போக வீட்டில் ஒருவர் முன்வந்தால், பாதி வேலை முடிந்த மாதிரி.