சாய்ஸ் லிஸ்ட் முதல் சாம்பார் வாளி வரை!

ராத்திரி மணி பதினொன்றே கால். சங்கரன்கோவிலில் என் அண்ணன் வீட்டுக் கூடம். நடுவில் ஒரு லேப்டாப். சுற்றிலும் அண்ணன், அண்ணி, அண்ணியின் தம்பி, எதிர்வீட்டு சயின்ஸ் வாத்தியார், அவர் வீட்டம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா. சுவரோரம் காலை மடக்கிக்கொண்டு அண்ணன் மகள். இந்தக் காட்சியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி வந்திருந்தேன். சாய்ஸ் ஃபில்லிங்! பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பக் கல்லூரிகளைப் பட்டியல் போடும் மூன்று நாள் அவகாசத்தில் அது இரண்டாவது ராத்திரி.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மகள் கணிதத்தில் 98. இயற்பியல் 92, அதில் பாதி 46. வேதியியல் 94, அதில் பாதி 47. ஆக, கட்-ஆஃப் 200-க்கு 191. இந்த 191-ஐ அந்தத் தெருவே மனப்பாடமாக வைத்திருந்தது. பால்காரர் கூட, "நூத்தித் தொண்ணூத்தொண்ணுக்கு எந்தக் காலேஜ் கெடைக்கும்?" என்று கேட்டுவிட்டுத்தான் பாலை ஊற்றினார்.

தமிழ்நாட்டில் கலந்தாய்வுக்கு வரும் பொறியியல் கல்லூரிகள் 400-க்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கோவை பி.எஸ்.ஜி. டெக் 2006, மதுரை தியாகராசர் 5008. அந்த வாரத்தில் இந்த எண்களைக் கேட்டால் ஊரில் பாதிப் பேர் தூக்கத்தில் கூடச் சொல்வார்கள். எண் 1 எது தெரியுமா? கிண்டிப் பொறியியல் கல்லூரி. 1794-ல் நில அளவை கற்றுக்கொடுக்க எட்டு மாணவர்களோடு புனித ஜார்ஜ் கோட்டை அருகே தொடங்கிய பள்ளிக்கூடம்தான் அது. 1920-ல் கிண்டிக்கு வந்து சேர்ந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்தவளுக்கு வேண்டியதும் அந்த எண்தான். அங்கே ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ் என்று ஒரு பிரிவு உண்டு. செயற்கைக்கோள் படங்களை வைத்து வரைபடம் தயாரிக்கிற படிப்பு. சின்ன வயதில் குற்றாலத்துக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எந்த ஊருக்குப் பிறகு எந்த ஊர் என்று நோட்டில் கோடு இழுத்துக்கொண்டே வருவாள். அந்தப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு எனக்குத் தோன்றவில்லை.

அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ். எந்தக் கல்லூரியானாலும் சரி, கம்ப்யூட்டர் சயின்ஸ்.

"பிரவுசிங் சென்டர் தம்பி சொல்லுதான், மொத எடத்த வீணாக்கப்புடாதாம். கெடைக்காதத மேல போட்டா, கெடைக்கறதும் கையவிட்டுப் போயிருமாம். ஏட்டி, நீயாவது அவகிட்டச் சொல்லேன்" என்றான் அண்ணன் என்னைப் பார்த்து.

இங்கேதான் எனக்கு உடம்பெல்லாம் பரபரவென்று வந்தது. ஏனென்றால் ஒதுக்கீடு உள்ளே எப்படி நடக்கிறது என்பதை இதற்கு முன்பே நான் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். அது அவ்வளவு அழகான ஏற்பாடு! தரவரிசையில் முதலில் இருப்பவரின் பட்டியலை எடுக்கிறது கணினி. மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே போகிறது. எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு, அடுத்தவரிடம் போகிறது. பொதுப் பிரிவு இடங்களும் அவரவர் இட ஒதுக்கீட்டுப் பிரிவு இடங்களும் இப்படித்தான் நிரம்புகின்றன. நம் பிள்ளையின் முறை வரும்போது முதல் விருப்பத்தில் இடம் இல்லையா? அதே நொடியில் இரண்டாவதைப் பார்க்கும். அதிலும் இல்லையா? மூன்றாவது. நமக்குப் பின்னால் நிற்கும் யாரையும் அதுவரை கணினி கூப்பிடவே இல்லை. பிறகு எப்படி இடம் கையை விட்டுப் போகும்? எத்தனை கல்லூரிகள் வேண்டுமானாலும் போடலாம், அதற்கும் வரம்பு இல்லை. எட்டாத கனவை மேலே போட்டதற்காக யாருக்கும் ஒரு இடம் கூடக் குறைவதில்லை.

இதை நான் சொல்லி முடித்ததும் கூடத்தில் யாரும் பேசவில்லை. வாத்தியார் மட்டும் முறுக்கைக் கையில் வைத்தபடியே, "அப்ப ஆசப்பட்ட வரிசையில போட்டாப் போதும்னுதான அர்த்தம்?" என்றார். அதேதான் சார்!

ஒரே கட்-ஆஃபில் பலர் நின்றால் என்ன செய்வார்கள் என்ற கேள்வியும் வந்தது. முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அதுவும் ஒன்றானால் இயற்பியல், இன்னும் கீழே போனால் பிறந்த தேதி, அதில் மூத்தவருக்கு முன்னுரிமை. எல்லாமே ஒன்றாக இருந்தால்? பத்து இலக்கத்தில் ஆளுக்கு ஒரு ரேண்டம் எண் கொடுத்திருக்கிறார்களே, அதில் பெரிய எண் உள்ளவருக்கு!

2018-க்கு முன்னால் இது எதுவும் வீட்டுக் கூடத்தில் நடக்கவில்லை. ஊர் ஊரிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிண்டிக்கு வந்து, அண்ணா பல்கலைக்கழக வளாகத்து மரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டபடி காத்திருப்பார்கள். பெரிய திரைகளில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடும். ஓர் இடம் குறைந்தால் கூட்டமே "ச்சோ" என்று சத்தம் போடும். உறவுக்காரப் பையன் ஒருவனுக்குத் துணையாக நானும் அங்கே ஒரு நாள் முழுக்க நின்றிருக்கிறேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உள்ளே போய்க் கணினி முன் உட்கார்ந்தால் ஒரே ஒரு தேர்வு, சில நிமிடங்கள், அவ்வளவுதான். இன்றைய பிள்ளைகள் மூன்று நாள் யோசித்து, அழித்து, மாற்றிப் போட முடிகிறது. எனக்கு இந்த முறைதான் பிடித்திருக்கிறது.

நள்ளிரவு தாண்டி அவள் எழுந்து வந்து லேப்டாப்பைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டாள். முதல் வரிசை: கல்லூரி எண் 1, ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ். அதன் கீழே அப்பாவின் கம்ப்யூட்டர் சயின்ஸ்கள் வரிசையாக. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

தற்காலிக ஒதுக்கீடு வந்த காலையில் நான் சென்னையில் இருந்தேன். போனை எடுத்ததும் முதலில் கேட்டது அண்ணியின் குலவை! பிறகுதான் அவள் குரல்: "அத்தை... ஒண்ணே கெடச்சிருச்சு!"

ஆகஸ்ட் கடைசியில் ஹாஸ்டல் வாசல். பக்கெட், மக், பூட்டு, கொடிக்கயிறு, பருப்புப்பொடி, எண்ணெய்ப் பாட்டில். அறைக்குள் போனால் இன்னொரு பக்கெட் ஏற்கெனவே வந்திருந்தது! தர்மபுரி மாவட்டத்துப் பிள்ளை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவள். 2021-ல் பொறியியலுக்கும் வந்த இந்த ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. அதோடு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. "முதல் மாசக் காசுல அம்மாவுக்கு என்ன வாங்குறதுன்னு இப்பவே யோசிச்சிட்டேன், ஆன்ட்டி" என்று அவள் சொன்னபோது, அண்ணி தன் பருப்புப்பொடி டப்பாவை எடுத்து இரண்டு பேர் கட்டிலுக்கும் நடுவில் வைத்தாள்.

ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். பார்வையாளர் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் அறைச் சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டைப் போனில் படம் எடுத்துவந்து காட்டினார்கள். சொல்கிறேன், கேளுங்கள். இந்தப் பக்கம் வகுப்பில் கேட்ட சொல், அந்தப் பக்கம் பள்ளியில் படித்த சொல். மேட்ரிக்ஸ் என்றால் அணி. டிட்டர்மினன்ட் என்றால் அணிக்கோவை. கால்குலஸ் என்றால் நுண்கணிதம். இன்டக்ரேஷன் என்றால் தொகையிடல். தர்மபுரிப் பிள்ளை வகுப்பில் காதில் விழுவதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்கிறாள். ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து, "ஏ, இது நம்ம அணிக்கோவைடி!" என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் தர்மபுரிப் பிள்ளை முழு மதிப்பெண் வாங்கிய கணக்கு, பெயர் மாறி வந்ததால் மட்டும் பயமுறுத்தியிருக்கிறது! எங்கள் பிள்ளைக்குக் கணக்கு தடுமாறும் இடங்களில் சொல்லித்தருவதும் அவள்தான். இவள் ஆங்கிலம் சொல்லித்தருகிறாள். அந்தச் சார்ட்டைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழிலேயே படிக்க 2010-ல் வழி திறந்தார்கள். அந்தப் பிரிவுகளில் ஆசை இருப்பவர்கள் பட்டியல் போடும்போது இதையும் பாருங்கள்.

முதல் மாதத்தில் கஷ்டமாக இருந்தது எது என்று அண்ணன் மகளிடம் கேட்டேன். சாப்பாடு, தூக்கம் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். "இங்க எல்லாரும் ஃபர்ஸ்ட் மார்க், அத்தை. யாரக் கேட்டாலும் ஸ்கூல் ஃபர்ஸ்ட்" என்றாள். முதல் உள்தேர்வில் கணிதத்தில் அவளுக்கு 50-க்கு 19. பள்ளிக்கூடத்தில் எந்தத் தேர்விலும் அவள் தொண்ணூறுக்குக் கீழே போனதில்லை. அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவர் அறைக்கு வந்து, தன் போனிலிருந்து தன்னுடைய முதல் உள்தேர்வு மதிப்பெண்ணை எடுத்துக் காட்டியிருக்கிறார். 50-க்கு 14! இப்போது அந்த அக்கா வகுப்பில் முதல் ஐந்து பேரில் ஒருவர். அந்தப் படத்தை ஒவ்வொரு வருடமும் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் காட்டவே அழிக்காமல் வைத்திருக்கிறாராம். எவ்வளவு பெரிய மனசு!

சீனியர் என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் வேறு பொருள் இருந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1996-ல் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் தமிழ்நாடு ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. இன்று சேர்க்கையின்போதே மாணவரும் பெற்றோரும் ராகிங் செய்ய மாட்டோம் என்று உறுதிமொழி கொடுக்கிறார்கள். யாராவது வம்பு செய்தால் கூப்பிட நாடு முழுவதற்கும் ஒரே இலவச எண்: 1800-180-5522. பிள்ளையின் போனில் இதைப் பதிந்துவிட்டே அனுப்புங்கள்.

இனி சமையற்கட்டு! இதற்காகக் கொங்குப் பக்கம் ஒரு கல்லூரி ஹாஸ்டலில் அனுமதி வாங்கி விடியற்காலை நான்கு மணிக்கு உள்ளே போனேன். ஆவியில் ஆளைத் தெரியவில்லை. தேங்காய் துருவும் இயந்திரம் ஒரு பக்கம் அலற, இட்லித் தட்டுகள் அடுக்கடுக்காகப் பெட்டிக்குள் போகின்றன. மாஸ்டர் சாம்பாரைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "இன்னொரு பிடி உப்பு" என்கிறார். அந்தப் பிடி ஒரு சின்னச் சொம்பு! ஏழு மணிக்கு வரும் பசங்களில் யார் எத்தனை இட்லி சாப்பிடுவார்கள் என்பது வரை அவருக்குத் தெரியும். "மொத வாரம் ரெண்டு இட்லிக்கு மேல தொடமாட்டாங்க. அம்மா ஞாபகம். மூணாவது வாரம் வாளியோட கேப்பாங்க, அப்ப நமக்கு நிம்மதி" என்றார். பிள்ளைகள் பழகிவிட்டார்களா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல கணக்கு எந்த அலுவலகத்திலும் கிடையாது என்பேன்.

மெஸ் பில்லுக்குப் பின்னால் இருக்கும் ரகசியமும் அங்கேதான் கிடைத்தது. டிவைடிங் சிஸ்டம். மாதம் முழுவதும் ஆன செலவைச் சாப்பிட்டவர்களின் தலைக்கு வகுப்பார்கள். வீணாகக் கொட்டினால் எல்லார் பில்லும் ஏறும். அதனால் மெஸ் கமிட்டி மாணவர்களே காய்கறி இறங்கும்போது வந்து எடை பார்க்கிறார்கள். முதலாண்டுப் பையன் ஒருவன் தக்காளி விலை ஏறியதைப் பற்றி மாஸ்டரோடு கவலையாகப் பேசிக்கொண்டிருந்தான்.

அதே கல்லூரியில் ஒரு வகுப்பையும் எட்டிப் பார்த்தேன். பலகையில் சிலம்பம், வளரி, தெருக்கூத்து! தப்பான அறைக்கு வந்துவிடவில்லை. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் 2022-லிருந்து முதல் பருவத்தில் தமிழர் மரபு, அடுத்த பருவத்தில் தமிழரும் தொழில்நுட்பமும் என்று இரண்டு பாடங்கள் உண்டு. இரண்டாவதில் சோழர் காலத்துக் குமிழித் தூம்பு வருகிறது. ஏரியின் அடியிலிருந்து தண்ணீரோடு வண்டலையும் வெளியே விடுகிற மதகு. பைதான் லேபிலிருந்து வந்து உட்கார்ந்து குமிழித் தூம்பு படிக்கிறார்கள் நம் பிள்ளைகள். எனக்கு இன்னொரு முறை பதினெட்டு வயதாகக் கூடாதா என்றிருந்தது.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தவள் மேஜை மேல் ஒரு தாளை விரித்தாள். சங்கரன்கோவில். கோயில், தெப்பம், பஸ் ஸ்டாண்ட், எங்கள் தெரு. அளவெடுத்து அவளே வரைந்த வரைபடம். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

வருகிற ஆண்டு உங்கள் வீட்டுக் கூடத்திலும் லேப்டாப் திறக்கும். அதற்கு முன்னால், மனதிலிருக்கும் கல்லூரிகளில் இரண்டுக்காவது ஒரு சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், வகுப்பு விட்டு வெளியே வரும் முதலாண்டு மாணவர்களிடம் பேசுங்கள். பட்டியல் போடும் ராத்திரியில் லேப்டாப்பைப் பிள்ளையின் மடியில் வையுங்கள்.